லூயி பிரெயில்: 6 புள்ளிகளில் விரலுக்கு எழுத்து தந்த சிறுவன் - இன்றைய டச் போன்களுக்கு அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் என்ன?

காரைக்கால்மேடு கடற்கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒரு ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்க. பேச்சு ஒரு பக்கம் ஓடும். பார்வை கடலில் இருக்கும். ஆனா கை மட்டும் நிக்காது. எந்தக் கண்ணி கிழிஞ்சிருக்கு, எந்த முடிச்சு தளர்ந்திருக்கு என்று விரலே தேடிக் கண்டுபிடிக்கும். கண்ணுக்கு அங்கே வேலை ரொம்பக் கம்மி.

இப்போ உங்க கையில் இருக்கும் போனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. அதை டச் போன் என்கிறோம். ஆனா கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒன்றும் தெரியாது. எல்லா இடமும் ஒரே வழுவழுப்பு. தொட்டால் வேலை செய்யும். ஆனா தொட்டுத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை.

தொடுவது வேறு, தொட்டு அறிவது வேறு. இந்த வித்தியாசத்தை சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டு, அதற்காகவே ஒரு எழுத்துமுறையை உருவாக்கியவர் லூயி பிரெயில். அதன் அடிப்படை வடிவம் தயாரானபோது அவருக்கு வயது 15.

காரைக்காலுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனா ஒரு விஷயம். பிரெயில் பாரிஸில் படித்த காலத்தில் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1739-ல் இங்கே காலூன்றிய பிரெஞ்சுக்காரர்கள், இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்து, நெப்போலியன் போர்கள் முடிந்த பிறகு திரும்பப் பெற்று, 1954 நவம்பர் 1 வரை ஆண்டார்கள். பாரிஸில் அந்தச் சிறுவனின் பள்ளியை நடத்திய அரசும், காரைக்காலை ஆண்ட அரசும் ஒன்றுதான்.

சரி, யார் இந்த லூயி பிரெயில்? அவர் கண்டுபிடித்ததில் அப்படி என்ன விசேஷம்?

ஒரு குத்தூசி, ஒரு விபத்து

1809 ஜனவரி 4. பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கூப்வ்ரே என்ற சின்ன ஊர். அங்கே நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் லூயி. அப்பா சிமோன் ரெனே, குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் தோல் தொழிலாளி. அம்மா மோனிக்.

லூயிக்கு மூன்று வயது. அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது, தோலில் ஓட்டை போடும் கூரான கருவி ஒன்று கை தவறி ஒரு கண்ணில் குத்திவிட்டது. இன்று என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடி மருந்து போட்டிருக்கலாம். அன்று கிருமியைக் கொல்லும் மருந்தே கிடையாது. புண் சீழ் பிடித்து, மற்றொரு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் முழுசாகப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் பார்வை இல்லாத ஏழைக் குழந்தை என்றால் பெரும்பாலும் ஒரே வழிதான்: தெருவில் பிச்சை. லூயியின் வீட்டார் அப்படி விடவில்லை. ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக்கொடுத்தார். உள்ளூர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டே படித்தான். வாத்தியார் சொன்னது எல்லாம் மனசில் நின்றது. ஆனா வாசிக்கவோ எழுதவோ மட்டும் வழி இல்லை.

பாரிஸ் பள்ளியும் கனமான புத்தகமும்

1819 பிப்ரவரியில், பத்து வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசுப் பள்ளியில் லூயி சேர்ந்தான். 1780-களில் வலந்தைன் ஆவுயி என்பவர் தொடங்கிய பள்ளி அது. பார்வையற்றவர்களுக்குப் படிப்பு சொல்லித் தரமுடியும் என்று ஐரோப்பாவுக்கே காட்டிய இடம். ஆனா கட்டடம் பழசு, ஈரம் ஊறிய சுவர், காற்றோட்டம் கிடையாது. பின்னாளில் லூயியைக் கொன்ற காசநோய்க்கும் இந்தச் சூழல் காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

பள்ளியில் வாசிக்கப் புத்தகம் இருந்தது. எப்படி? ஆவுயி கண்டுபிடித்த முறை அது. சாதாரணமாக நாம் அச்சில் பார்க்கும் எழுத்தையே பெரிதாக வார்த்து, ஈரத் தாளில் அழுத்தி எடுப்பார்கள். காய்ந்ததும் எழுத்து மேடாக நிற்கும். விரலால் தடவி வாசிக்க வேண்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறையில்?

ஒவ்வொரு எழுத்தும் பெரிசு. அதனால் ஒரு பக்கத்துக்குச் சில வரிதான் பிடிக்கும். புத்தகம் தூக்க முடியாத கனம். செலவு அதிகம் என்பதால் பள்ளியில் இருந்த புத்தகங்களின் எண்ணிக்கையும் சொற்பம். ஒரு எழுத்தின் வளைவை விரல் சுற்றி வந்து, அது எது என்று புரிந்துகொண்டு, அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு பெரிய குறை: மாணவனால் அந்த மாதிரி எழுதவே முடியாது. வாசிக்கலாம், எழுத முடியாது என்றால் அது பாதிப் படிப்புதானே?

ஆவுயி நல்ல மனசோடுதான் செய்தார். தப்பு எங்கே என்றால், கண்ணுக்காக உருவான வடிவத்தை அப்படியே எடுத்து விரலிடம் கொடுத்தார். கண் ஒரே பார்வையில் முழு எழுத்தையும் பிடித்துவிடும். விரல் அப்படி இல்லை. நுனியில் ஒரு சின்ன இடம் மட்டும்தான் அதற்குக் கிடைக்கும். அதற்குள் அடங்கினால்தான் சட்டென்று புரியும்.

நம்ம எழுத்தையே எடுத்துக்கோங்க. இ, ஐ, ஜ போன்ற எழுத்துகளை மேடாகச் செய்து கண்ணை மூடித் தடவினால், எது எங்கே வளையுது என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும்.

ராணுவத்தில் இருந்து வந்த புள்ளி

1821-ல் அந்தப் பள்ளிக்கு ஒரு புது யோசனை வந்தது. கொண்டுவந்தவர் சார்ல் பார்பியே. பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். வேகமாக எழுதுவது, மறைவாக எழுதுவது, அதிகம் படிக்காதவரும் எழுதுவது என்று பலவகை எழுத்துமுறைகளில் ஆர்வம் உள்ளவர்.

அவர் முறையில் எழுத்தே கிடையாது, புள்ளிதான். தாளின் பின்பக்கம் குத்தினால் முன்பக்கம் மேடு வரும். இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஆறு வரை புள்ளிகள். இடது வரிசையில் எத்தனை, வலது வரிசையில் எத்தனை என்று எண்ணி, ஒரு அட்டவணையில் எந்த ஒலி என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போனது. ஏன்னா, கோட்டைவிட புள்ளி விரலுக்குத் தெளிவாகத் தெரியும். அதைவிட முக்கியம், முதல் முறையாக அவர்களே எழுதவும் முடிந்தது. ஒருவர் குத்தியதை இன்னொருவர் வாசிக்கலாம்.

ஆனா அதிலும் சிக்கல். ஆறு புள்ளி உயரம் ஒரு விரல்நுனிக்குள் அடங்காது. விரல் மேலேயும் கீழேயும் போய் எண்ண வேண்டும். அடுத்து, அது ஒலிக்கான முறை. சரியான எழுத்துக்கூட்டு எழுத முடியாது. நிறுத்தக்குறி கிடையாது. கணக்குக்கு வழி இல்லை. இசைக்கும் வழி இல்லை.

பார்பியே பார்வை உள்ளவர். படிப்பு எட்டாத ஒருவருக்கு எளிய வழி கொடுத்தால் போதும் என்று நினைத்தார். ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு எளிய வழி மட்டும் போதவில்லை. மற்றவர்கள் வாசிப்பதை எல்லாம் வாசிக்க வேண்டும். இலக்கணம், கணக்கு, இசை எல்லாமே வேண்டும்.

இந்த இடத்தில்தான் லூயி வேலையைத் தொடங்கினான்.

ஆறு புள்ளி எப்படி வந்தது?

பகலில் வகுப்பு. அதனால் இரவிலும் விடுமுறையிலும் உட்கார்ந்து குத்திக் குத்திப் பார்த்தான். ஏறக்குறைய மூன்று ஆண்டு. 1824-ல் அடிப்படை தயார்.

அவன் செய்த முதல் மாற்றம், 12-ஐ 6 ஆக்கியது. இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. பார்க்கச் சின்ன மாற்றம். ஆனா அதில்தான் எல்லாமே இருக்கு. ஆறு புள்ளி என்றால் மொத்தமும் விரல்நுனியின் சதைக்குள் ஒரே தொடுகையில் அடங்கிவிடும். மேலே கீழே தேட வேண்டாம். விரல் இடமிருந்து வலமாகச் சறுக்கிக்கொண்டே போகலாம்.

இந்தச் சறுக்கல் முக்கியம். ஒரு பொருளின் மேல் விரலை அசையாமல் வைத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த உணர்வே மங்கிவிடும். அசைத்தால்தான் மேடும் பள்ளமும் பளிச்சென்று தெரியும். துணி வாங்கும்போது கையால் தேய்த்துப் பார்க்கிறோம் இல்லையா, அதே காரணம்தான். தொடுதல் என்பதே பாதி அசைவு. லூயியின் எழுத்து அந்த அசைவை நம்பி வடிவமைக்கப்பட்டது.

இன்று புழக்கத்தில் உள்ள அளவைப் பாருங்க: புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். இதைவிட நெருக்கினால் இரண்டு புள்ளி ஒன்றாகத் தெரியும். தள்ளி வைத்தால் விரல்நுனியைத் தாண்டிவிடும்.

ஆறு புள்ளியில் எத்தனை வடிவம் கிடைக்கும்? ஒவ்வொரு புள்ளியும் இருக்கலாம், இல்லாமல் போகலாம். வெற்றிடத்தைக் கழித்தால் 63. அதில் ஒரு ஒழுங்கும் வைத்தார். முதல் பத்து எழுத்துக்கு மேலே உள்ள நான்கு புள்ளி மட்டும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்கள், கூடவே இடது அடிப்புள்ளி ஒன்று. அதற்கு அடுத்த வரிசைக்கு இரண்டு அடிப்புள்ளியும். பத்து வடிவத்தைக் கற்றால் மிச்சம் தானாக வந்துவிடும். மனப்பாடம் செய்யும் சுமை கையில் இருந்து இறங்கியது.

எழுதும் கருவி? கட்டம் வெட்டிய ஒரு சட்டம், ஒரு சின்னக் கூர்முனை. தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். பனையோலையில் கீறிய நம்ம முன்னோர்கள் அந்தக் கூர்முனையைப் பார்த்தால் எழுத்தாணி என்றே சொல்லியிருப்பார்கள். லூயியின் கண்ணைப் பறித்ததும் அதே மாதிரி ஒரு கூர்க்கருவிதான்.

1829-ல் இந்த முறையைப் புத்தகமாக வெளியிட்டார். அப்போது வயது 20. பார்பியேவின் முறையில் இருந்துதான் தனக்கு யோசனை வந்தது என்பதை அதிலேயே மறைக்காமல் பதிவு செய்தார். முதல் பதிப்பில் புள்ளியோடு கோடுகளும் இருந்தன. விரலுக்குக் கோடு சிரமம் என்று தெரிந்ததும், 1837-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார். தான் செய்ததையே சோதித்து, தப்பை ஒத்துக்கொண்டு திருத்துவது. இன்றைய டிசைனர்கள் பின்பற்ற வேண்டிய பழக்கம் இது.

இசைக் கலைஞர் பிரெயில்: கை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

லூயி பிரெயில் நல்ல இசைக் கலைஞர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. செல்லோ வாசிப்பார். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பவராக வேலையும் பார்த்தார். அந்த வாத்தியத்துக்கு இரண்டு கையும் வேணும், இரண்டு காலும் வேணும்.

அதனால்தான் 1829 புத்தகத்திலேயே இசைக்கும் இடம் கொடுத்தார். பின்னாளில் உருப்பெற்ற பிரெயில் இசைக்குறிப்பின் அமைப்பு ரொம்ப அழகு. மேலே உள்ள நான்கு புள்ளி எந்த ஸ்வரம் என்று சொல்லும். கீழே உள்ள இரண்டு புள்ளி அது எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்று சொல்லும். ஒரே தொடுகையில் சுருதியும் காலமும் வந்துவிடும்.

ஆனா வாசிக்கிற கையும் வாசிக்கப்படுகிற கையும் ஒன்றுதானே, எப்படி? பியானோ பழகும் பார்வையற்ற மாணவர் ஒரு கையால் குறிப்பைத் தடவிக்கொண்டே, மற்றொரு கையால் அந்தப் பகுதியை வாசித்துப் பழகுவார். பிறகு கையை மாற்றி அடுத்த பகுதி. கடைசியில் இரண்டு கையும் சேரும். அதாவது, முதலில் விரல் எழுத்தைப் படிக்கும். அப்புறம் அதே விரல் அசைவைப் படிக்கும்.

நமக்கும் இது புதுசு இல்லை. பிள்ளைக்கு முதல் எழுத்து எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து அ எழுதவைக்கிறோம். கண்ணால் பார்ப்பதற்கு முன் கையால் போய் வரட்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். வலை முடிச்சும் அப்படித்தான் கைமாறுகிறது. எத்தனை தடவை காட்டினாலும் வராத முடிச்சு, பெரியவர் கையைப் பிடித்து ஒரு தடவை போட்டுக் காட்டினால் வந்துவிடும்.

பார்வை உள்ளவருக்குக் கடிதம் எழுத ஒரு வழி

பள்ளியில் 1833-ல் ஆசிரியரான பிரெயில், வரலாறு, கணக்கு, இசை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அப்போது இன்னொரு குறை கண்ணில் பட்டது. தன் மாணவர்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டால் அப்பா அம்மாவால் வாசிக்க முடியாது. அவர்களுக்குப் புள்ளி தெரியாதே!

1839-ல் அதற்கும் ஒரு முறை வெளியிட்டார். வழக்கமான எழுத்துகளையே பத்துப் புள்ளி உயரக் கட்டத்தில் வைத்துக் குத்தும் முறை. பார்வை உள்ளவர் கண்ணால் வாசிக்கலாம். பார்வையற்றவர் விரலால் தடவிச் சரிபார்க்கலாம். கையால் குத்த நேரம் அதிகம் பிடித்தது. அதற்கு ஒரு இயந்திரம் செய்துகொடுத்தார் அதே பள்ளியில் படித்த, பார்வையற்ற பியேர் ஃபூக்கோ. வருடம் 1841 வாக்கில். புள்ளிகளைச் சேர்த்து எழுத்தை உருவாக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஞாபகம் இருக்கா? யோசனை கிட்டத்தட்ட அதுதான்.

தடை வந்தது... ஏன்?

இவ்வளவு நல்ல முறையைப் பள்ளி கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு.

இயக்குநர் பின்யே ஆதரவாக இருந்தார். அவர் காலத்தில், 1837-ல், பிரான்ஸ் வரலாறு பற்றிய ஒரு புத்தகம் புள்ளி எழுத்தில் மூன்று தொகுதிகளாகத் தயாரானது. ஆனா 1840-ல் அவர் பதவி இழந்தார். அடுத்து வந்த துஃபோ, புள்ளி எழுத்தை நிறுத்தினார். மறுபடியும் மேடான அச்செழுத்துதான் பாடம்.

காரணம் என்ன? பார்வை உள்ள ஆசிரியர்களுக்குப் புள்ளி புரியவில்லை. எல்லோரும் வாசிக்கிற எழுத்தை விட்டுவிட்டு தனி எழுத்து வைத்தால், பார்வையற்றவர்கள் சமூகத்தில் இருந்து தனித்துப்போய்விடுவார்கள் என்ற வாதமும் அப்போது வலுவாக இருந்தது. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே தனித்துத்தான் இருந்தார்கள், வாசிக்க முடியாததால்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஒளித்து வைத்து எழுதினார்கள். ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கையில் ஒரு கூர்முனையும் துண்டுத் தாளும் கிடைத்தால் போதும். யாராலும் தடுக்க முடியவில்லை. ஒரு தொழில்நுட்பம் நல்லதா இல்லையா என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா? தடை போட்டும் அதை விடவில்லை பயன்படுத்துகிறவர்கள்.

துணை இயக்குநராக இருந்த ழோசப் குவாதே இதைக் கவனித்தார். மெல்ல துஃபோவின் மனசும் மாறியது. 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா. அங்கே கூட்டத்துக்கு முன்னால் இந்த எழுத்தைச் செய்துகாட்டி, பிரெயிலின் உழைப்பைப் பாராட்டிப் பேசினார்கள். தடை செய்யப்பட்ட எழுத்து மேடை ஏறியது.

43 வயதில் முடிந்த வாழ்க்கை

ஆனா பிரெயிலின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1830-களின் நடுவிலேயே காசநோயின் அறிகுறிகள் தெரிந்தன. பாடம் எடுப்பது, ஓய்வெடுப்பது, மறுபடி பாடம் எடுப்பது என்றே ஆண்டுகள் போயின. 1852 ஜனவரி 6-ம் தேதி, 43-வது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில் இறந்தார்.

அவர் முறையை பிரான்ஸ் அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். இரண்டே இரண்டு ஆண்டு தள்ளி. 1878-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு பார்வையற்றோர் கல்விக்கு பிரெயில் முறையையே பொதுவாக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் வேறு புள்ளிமுறைகளோடு நீண்ட போட்டி நடந்து, 1932-ல்தான் ஆங்கிலத்துக்கு ஒரே முறை என்று முடிவானது.

1952-ல், இறந்து நூறு ஆண்டு கழித்து, அவர் உடலை கூப்வ்ரேயில் இருந்து எடுத்துச்சென்று, நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸ் பாந்தியோனில் வைத்தார்கள். ஆனா கைகளை மட்டும் சொந்த ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. அவை ஒரு பேழையில் கூப்வ்ரேயிலேயே இருக்கின்றன.

தமிழுக்கு எப்படி வந்தது?

19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குப் பள்ளி வந்துவிட்டது. ஆனா இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு புள்ளிமுறை இருந்தது. ஓர் ஊரில் படித்தவர் இன்னோர் ஊர்ப் புத்தகத்தை வாசிக்க முடியாத நிலை. யுனெஸ்கோவின் ஆலோசனைக் கூட்டங்களுக்குப் பிறகு, 1951-ல் பாரதி பிரெயில் என்ற பொது முறை ஏற்கப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழியிலும் ஒரே புள்ளி வடிவம் என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் வந்தது.

தமிழுக்கு 247 எழுத்து. 63 வடிவத்தில் எப்படி அடங்கும்? உயிருக்கும் மெய்க்கும் தனித்தனியாக வடிவம் கொடுத்துவிட்டு, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் உயிர்மெய் வந்துவிடும். அகரம் மட்டும் மெய்யோடு சேர்ந்தே இருக்கும்.

உதாரணத்துக்கு, வலை என்ற சொல்லைப் பாருங்க. பிரெயிலில் மூன்றே கட்டம்: வ, ல, ஐ. ல என்றால் இடப்பக்க மூன்று புள்ளியும் இருக்கும். அதோடு வலது கீழ்ப்புள்ளியைச் சேர்த்தால் வ. இந்த இரண்டு வடிவமும் அதே ஒலிகளுக்கு லூயி பிரெயில் பிரெஞ்சு மொழியில் கொடுத்த வடிவங்களேதான்! ஐ-க்கு இடது கீழே ஒன்று, வலது மேலே ஒன்று. அச்சில் லை எழுதும்போது இணைக்கொம்பு முன்னால் வரும். பிரெயிலில் காதில் கேட்கும் வரிசையிலேயே, ல-வுக்குப் பின்னால்தான் ஐ வரும்.

கூப்வ்ரேயில் தோல் தைத்தவரின் மகன் குத்திய புள்ளிகளால், காரைக்கால்மேட்டின் வலையை எழுதலாம்.

2009-ல் அவர் பிறந்து 200 ஆண்டு ஆனபோது இந்திய அரசு பிரெயில் உருவம் பொறித்த 2 ரூபாய் நாணயம் வெளியிட்டது. பழைய சில்லறையில் தேடிப் பாருங்க, கிடைத்தாலும் கிடைக்கும்.

இன்று உங்க கையில் பிரெயில் எங்கே இருக்கிறார்?

நீங்க பிரெயில் படிக்காவிட்டாலும் அவர் யோசனையைத் தினமும் தொடுகிறீர்கள்.

- ரூபாய் நோட்டு: 100 ரூபாய் நோட்டில் மேடான முக்கோணமும் ஓரத்தில் நான்கு சாய்கோடும் இருக்கும். 500-ல் வட்டமும் ஐந்து கோடும். நோட்டு கசங்கிப் பழசானால் மேடு தேய்ந்துவிடுவது இன்னும் தீராத பிரச்னை.

- விசைப்பலகை: கம்ப்யூட்டரில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்ன மேடு. ஏடிஎம் பட்டன்களில் 5-ன் மேல் ஒரு புள்ளி. விரல் அங்கே உட்கார்ந்தால் மற்ற இடம் எல்லாம் தானாகத் தெரியும்.

- மஞ்சள் தரைக்கல்: ரயில் நிலையத்தில் பார்த்திருப்பீங்க. ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1960-களில் உருவாக்கியது. நீளக்கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் நில், கவனி. பாதத்துக்கான எழுத்து அது. அதன் மேல் பைக் நிறுத்துவது புத்தகத்தின் மேல் மை கொட்டுவது மாதிரி.

- அதிரும் கைத்தடி: ஐஐடி டெல்லி உருவாக்கி 2014-ல் வெளிவந்த ஸ்மார்ட்கேன், முழங்காலுக்கு மேலே இருக்கும் தடையை ஒலி அலையால் கண்டுபிடித்து கைப்பிடியில் அதிர்வாகச் சொல்லும். சாதாரணத் தடி தரையில் உள்ளதைத்தான் சொல்லும். தொங்கும் கிளையைச் சொல்லாது.

- போன்: 2014-ல் ஐபோனிலும் 2020-ல் ஆண்ட்ராய்டிலும் திரையிலேயே ஆறு விரலால் பிரெயில் தட்டும் வசதி வந்தது.

நடனம், உடற்பயிற்சி, பிசியோதெரபி போன்றவற்றில் அசைவைக் கற்றுக்கொடுக்கவும் அதிர்வுப் பட்டைகள் பரிசோதிக்கப்படுகின்றன. இடது மணிக்கட்டில் அதிர்ந்தால் இடது கையை நகர்த்து என்ற மாதிரி. அரிசித் தட்டில் விரல் பிடித்த அதே யோசனையை இங்கே இயந்திரம் செய்கிறது.

ஆனா மறுபக்கமும் இருக்கு. கடைகளில் கார்டு போடும் இயந்திரங்களில் பட்டன் போய், வழுவழு திரை வந்துகொண்டிருக்கிறது. பின் நம்பரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வங்கி எச்சரிக்கும். திரையில் எண் எங்கே என்று தெரியாத பார்வையற்றவர் என்ன செய்வார்? பக்கத்தில் நிற்பவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம். லிஃப்ட், வாஷிங் மெஷின், அடுப்பு எல்லாவற்றிலும் இதே கதைதான். கண்ணுக்கு அழகாக இருக்கும் ஒன்றை விரலிடம் கொடுத்துவிட்டு டச் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆவுயி செய்த அதே தவறு, 200 ஆண்டு கழித்து, கண்ணாடியில்.

அப்போ பாடம் என்ன?

பிரெயிலின் வாழ்க்கை மூன்று விஷயம் சொல்கிறது. ஒன்று, விரலுக்குச் செய்தால் விரலை அளந்து செய்ய வேண்டும். இரண்டு, வாசிக்க மட்டும் இல்லை, எழுதவும் முடிய வேண்டும். உதவி வாங்குபவராக மட்டும் ஒருவரை வைத்திருக்கக் கூடாது. மூன்று, பயன்படுத்துகிறவர் கூடவே உட்கார்ந்து வடிவமைக்க வேண்டும். ஆவுயிக்கும் பார்பியேவுக்கும் அறிவும் அக்கறையும் இருந்தது. அந்த எழுத்தைத் தினமும் தடவித் தடுமாறிய அனுபவம் மட்டும் இல்லை. அது லூயியிடம் இருந்தது.

காரைக்கால்மேட்டில் வலை பின்னுகிற கையைப் போய்ப் பார்க்காமல், யாராவது தூரத்தில் உட்கார்ந்து வலை வடிவமைத்தால் என்ன ஆகும்? பார்க்க நல்லா இருக்கும். மீன் மட்டும் விழாது.

இன்று வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. கண்ணை மூடிக்கொண்டு, உங்க போனில் ஒரே ஒரு நம்பருக்கு அழைக்க முயற்சி பண்ணுங்க. எந்த இடத்தில் விரல் வழி தெரியாமல் நிற்கிறதோ, அங்கே செய்ய வேண்டிய வேலை மிச்சம் இருக்கு.